தண்ணீர் இல்லாத பொதுக் கழிப்பறைகள்: பூங்காக்களுக்கும் காட்டுப் பாதைகளுக்கும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குழாயும் சாக்கடையும் எட்டாத இடத்தில் கழிப்பறை கட்டப்போகிறோம் என்றால் முதலில் எழும் கேள்வி, நாறாதா என்பதுதான். அடுத்தது, தண்ணீர் இல்லாமல் எப்படி என்பது. மூன்றாவதாக ஒரு கேள்வி வர வேண்டும், ஆனால் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை: நிரம்பினால் யார் எடுப்பார்கள், எங்கே கொண்டுபோவார்கள்? மலைப்பாதைகளைப் பராமரிக்கும் குழுக்களோடு சேர்ந்து வேலை செய்த வருடங்களில், பூட்டுப் போட்டுக் கைவிட்ட கழிப்பறைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அவற்றில் பலவற்றுக்குக் கட்டடத்தில் ஒரு குறையும் இல்லை. அந்த மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லாமல் கட்டியதுதான் குறை. கீழே உள்ளவை திரும்பத் திரும்ப என்னிடம் கேட்கப்பட்டவை.

இது பழைய குழிக் கழிப்பறைதானே? புதுப் பெயர் மட்டும்தானா?

இல்லை. குழிக் கழிப்பறையில் கழிவுநீர் மண்ணுக்குள் இறங்கிவிடும். பூங்காக்களில் இப்போது அதிகம் வைப்பது மூடிய தொட்டி வகை. தரைக்கு அடியில் கசியாத கான்கிரீட் தொட்டியோ பிளாஸ்டிக் தொட்டியோ இருக்கும். எல்லாம் அதில் சேரும், நிரம்பும்போது லாரி வந்து உறிஞ்சிக்கொண்டு போகும். அடுத்தது மக்கவைக்கும் வகை. மரத்தூள் மாதிரி ஏதாவது சேர்த்து, காற்றுப் பட வைத்து, கழிவை மக்கச் செய்வது. மூன்றாவது, சிறுநீரையும் மலத்தையும் உட்காரும் இடத்திலேயே பிரித்து, மலத்தை உலரவைப்பது. 1950-களில் வியட்நாமில் பரவிய இரட்டை அறைக் கழிப்பறை இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஓர் அறை நிரம்பியதும் மூடிவிட்டு அடுத்ததைப் பயன்படுத்துவார்கள்.

யோசனை ஒன்றும் புதிதல்ல. இங்கிலாந்தின் டோர்செட் பகுதியில் ஹென்றி மூல் என்ற பாதிரியார், காய்ந்த மண்ணோடு கலந்த மலம் சில வாரங்களில் அடையாளம் தெரியாமல் மாறிவிடுவதைக் கவனித்தார். 1860-ல் மண் தூவும் கழிப்பறைக்குக் காப்புரிமையும் வாங்கினார். நீர்க்குழாய் வேகமாகப் பரவிய காலம் அது. அதனால் அவருடைய முறை ஓரங்கட்டப்பட்டது.

சரி, நாறாதா?

ஒழுங்காகக் கட்டினால் நாறாது. நாற்றத்தைத் தடுப்பது தண்ணீர்தான் என்று நாம் நினைக்கிறோம். வீட்டுக் கழிப்பறையில் வளைந்த குழாயில் தேங்கி நிற்கும் நீர், வாயு மேலே வராமல் அடைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். அந்த வேலையைக் காற்றும் செய்யும். தொட்டியிலிருந்து கூரைக்கு மேலே ஓர் உயரமான குழாய் போகிறது. அதன் வாயை உரசிக்கொண்டு காற்று வீசும்போது, உள்ளே இருக்கும் காற்று மேலே இழுக்கப்படும். அந்த இடத்தை நிரப்ப, அறையிலிருக்கும் காற்று உட்காரும் துளை வழியாகக் கீழே இறங்கும். ஆக, வாடை அறைக்குள் வரவே வழியில்லை. அறைக் காற்று உட்கார்ந்திருப்பவரைத் தாண்டித் தொட்டிக்குள் போய், வாடையோடு குழாய் வழியாக வானத்துக்குப் போய்விடும்.

அமெரிக்க வனத்துறையின் சான் டிமாஸ் தொழில்நுட்ப மையத்தார் 1990-களின் தொடக்கத்தில் இதைத் தீர ஆராய்ந்து ஒரு வடிவமைப்பே கொடுத்தார்கள். ‘இனிய மணக் கழிப்பறை’ என்றுதான் அதற்குப் பெயரும் வைத்தார்கள். ஏறக்குறைய 30 செ.மீ. விட்டமுள்ள குழாய், கூரையின் உச்சியைவிடச் சுமார் 90 செ.மீ. உயரம், குழாய்க்குக் கறுப்பு வண்ணம், வெயில் படும் பக்கம், சுவரின் கீழ்ப்பகுதியில் காற்று நுழையத் துளைகள். வெயிலில் குழாய் சூடாவது காற்றை மேலே இழுக்க உதவும். ஆனால் வெயிலைவிட வீசும் காற்றுதான் பெரிய வேலைக்காரன். ஜிம்பாப்வேயின் பிளேர் ஆய்வுக்கூடத்தில் காற்றோட்டக் குழிக் கழிப்பறைகளை ஆராய்ந்தவர்கள் கண்டது இதுதான். அதனால் குளுகுளுவென்று பெரிய மரத்தடியில் கழிப்பறையை ஒளித்துவைக்காதீர்கள். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் குழாயின் வாயில் காற்றே படாது.

ஏற்கெனவே இருக்கும் கழிப்பறை நாறுகிறதா? ஓர் ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டு உள்ளே போங்கள். கதவைச் சாத்திவிட்டு, துளைக்குச் சற்று மேலே பிடியுங்கள். புகை வளைந்து துளைக்குள் இறங்கினால் காற்றோட்டம் சரி. நேராக மேலே போனாலோ முகத்தில் வந்து மோதினாலோ எங்கோ அடைப்பு. ஒருமுறை ஒரு பாதையின் தொடக்கத்தில் இருந்த கழிப்பறை திடீரென்று நாற ஆரம்பித்தது. தொட்டி பாதிகூட நிரம்பவில்லை. கூரையில் ஏறிப் பார்த்தால், குழாயின் வாயிலிருந்த வலையில் சிலந்திக்கூடு. அதன்மேல் தூசி, அதன்மேல் காய்ந்த இலைத்துணுக்குகள். பஞ்சு வைத்து அடைத்த மாதிரி இருந்தது. வலையைக் கழற்றிப் பிரஷால் தேய்த்து, குழாய்க்குள் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றியதும் உள்ளே தொங்கிய நூலாம்படையெல்லாம் அறுந்து விழுந்தது. நாங்கள் ஏணியை மடித்துக் கீழே வைப்பதற்குள் அறைக்குள் புகை கீழ்நோக்கி இறங்கத் தொடங்கியிருந்தது.

கதவும் முக்கியம். திறந்து கிடந்தால், காற்று அடிக்கும் திசையைப் பொறுத்து அறை தொட்டியிலிருந்து வாயுவை உறிஞ்சவும் செய்யும். தானாகச் சாத்திக்கொள்ளும் கீல் போடுங்கள்.

ஈ மொய்க்காதா?

இதற்கும் அதே குழாய்தான் பதில். மேலே நான் சொன்ன பிளேர் ஆய்வுக்கூடத்தில் பீட்டர் மார்கன் 1970-களில் ஒரு சோதனை செய்தார். ஒரே மாதிரி இரண்டு கழிப்பறைகள். ஒன்றில் காற்றுக்குழாய் உண்டு, மற்றதில் இல்லை. 78 நாட்களில் குழாய் இல்லாததில் சிக்கிய ஈக்கள் 13,953. குழாய் உள்ளதில் 146. காரணம் எளிது. வெளியே உள்ள ஈக்கள் வாடை வரும் குழாய் வாயையே சுற்றுகின்றன, வலை அவற்றை விடாது. உள்ளே பிறந்த ஈக்கள் வெளிச்சத்தை நோக்கிக் குழாயில் ஏறி, வலையில் மாட்டிச் சாகின்றன. ஆனால் குழாய் முனைதான் உள்ளே தெரியும் பிரகாசமான வெளிச்சமாக இருக்க வேண்டும். மூடியில்லாத துளையும் பளிச்சென்ற அறையும் இருந்தால் ஈ அறைக்குள்தான் வரும். இருட்டறைக்குள் போகக் குழந்தைகள் பயப்படுவார்கள் என்பதும் உண்மை. அறைக்கு வெளிச்சம் விட்டு, துளைக்கு மூடி போடுவது நல்ல சமரசம். ஆனால் மூடி காற்றுப் புகாதபடி இறுக்கமாக இருக்கக் கூடாது.

தொட்டி எத்தனை நாளில் நிரம்பும்?

மூடிய தொட்டிக்கு ஒரு பயன்பாட்டுக்குக் கால் லிட்டர் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். பூங்காக்களில் பலர் சிறுநீர் கழிக்க மட்டுமே வருவார்கள் என்பதால் சராசரி அவ்வளவுதான் வரும். பரவலாக உள்ள தொட்டி 1,000 அமெரிக்க கேலன், அதாவது சுமார் 3,785 லிட்டர். ஆகவே ஏறக்குறைய 15,000 பயன்பாடுகள். ஒரு நாளைக்கு 200 பேர் வந்தால் 75 நாள். முழுதாக நிரம்பும்வரை காத்திருக்காமல், முக்கால் பங்கு வந்ததும் லாரிக்குச் சொல்லிவிடுங்கள்.

இந்தக் கணக்கு துடைத்துக்கொள்பவர்களுக்கு. கழுவிக்கொள்பவர்கள் ஒவ்வொருவரும் அரை லிட்டர் ஊற்றினால் ஒரு பயன்பாட்டுக்கு முக்கால் லிட்டர் ஆகிவிடும். அதே தொட்டி 25 நாளில் நிரம்பும். திட்டம் போடும்போது இதை மறந்துவிட்டு, பிறகு தொட்டி நிரம்பி வழிகிறது என்று மக்களைக் குறை சொல்வது நியாயமில்லை.

அப்படியானால் கழுவிக்கொள்ளத் தண்ணீரே கூடாதா?

கூடும். ‘தண்ணீர் இல்லாத’ என்றால் கழிவைத் தள்ளிவிடத் தண்ணீர் வேண்டாம் என்றுதான் அர்த்தம். மூடிய தொட்டி வகையில் கழுவும் நீர் உள்ளே விழுந்தாலும் கெடுதல் இல்லை, தொட்டியைப் பெரிதாக வையுங்கள், அவ்வளவுதான். மக்கவைக்கும் வகையிலும் உலர்த்தும் வகையிலும் அப்படி விட முடியாது. அங்கே கழுவுவதற்குத் தனியாக ஒரு சிறு இடம் ஒதுக்கி, அந்த நீரைச் சரளைக்கல் நிரப்பிய உறிஞ்சுகுழிக்கோ செடிப்பாத்திக்கோ திருப்ப வேண்டும். புதிதாக வருபவருக்குப் புரிய, எழுத்தைவிட ஒரு படம் போதும்: எங்கே உட்கார்வது, எங்கே நகர்ந்து கழுவுவது என்று.

மக்கவைக்கும் வகை இயற்கையானது என்கிறார்களே, அதையே எல்லா இடத்திலும் வைக்கலாமே?

நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். சுவீடனில் ரிகார்ட் லிண்ட்ஸ்ட்ரோம் 1939-ல் தன் வீட்டுக்குச் செய்த சாய்தளத் தொட்டி, பிறகு கிளிவஸ் மல்ட்ரம் என்ற பெயரில் உலகெங்கும் போனது. மேலே புதுக் கழிவு விழும், சரிவில் மெல்ல இறங்கும், அடியில் மக்கியது சேரும். ஒரு வீட்டுக்கு, வருடம் முழுக்க ஒரே அளவில் பயன்படுத்தும் நாலு பேருக்கு, நல்ல யோசனை.

மலைப்பாதை அப்படி இல்லை. விடுமுறை நாளில் நூறு பேர், மறுநாள் ஒருவரும் இல்லை. குளிரில் நுண்ணுயிர்கள் வேலையை நிறுத்திவிடும். இரவு உறைபனி என்றால் மக்குவதற்குப் பதில் உறைந்து கிடக்கும். இவை எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல் சிறுநீர். மக்குவதற்குக் கார்பன் 25 முதல் 30 பங்குக்கு நைட்ரஜன் ஒரு பங்கு வேண்டும். சிறுநீரில் நைட்ரஜன் அளவுக்கு மீறி இருக்கிறது. ஈரம் ஐம்பது அறுபது சதவீதத்தைத் தாண்டினால் காற்று நுழைய இடமில்லாமல், மக்குவதை விட்டுவிட்டு அழுக ஆரம்பிக்கும். அம்மோனியா வாடை மூக்கைத் துளைக்கும். யாரோ சிலர் மரத்தூள் போட மறந்துவிடுவார்கள், இன்னும் சிலர் அதை ஆர்வத்தில் ஒரு வாளி கொட்டிவிடுவார்கள்.

தினமும் யாராவது வந்து கிளறி, ஈரம் பார்த்து, மரத்தூள் நிரப்ப முடியும் என்றால் தாராளமாக வையுங்கள். அமெரிக்காவின் அப்பலாச்சியன் நடைபாதையில் தங்குமிடங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் மக்கவைக்கும் கழிப்பறைகளைத் தன்னார்வலர்கள் வருடக்கணக்காகக் காப்பாற்றிவருகிறார்கள். சிலவற்றில் செம்புழுக்களையும் விடுகிறார்கள். அப்படி ஆள் இல்லையென்றால், லாரி வரும் இடத்தில் மூடிய தொட்டியும், லாரி வராத இடத்தில் சிறுநீரைப் பிரிக்கும் வகையும்தான் என் பரிந்துரை. பிரித்துவிட்டால் எடுத்துச்செல்ல வேண்டிய எடை வெகுவாகக் குறையும். ஒருவர் ஒரு நாளைக்கு ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் சிறுநீர் கழிக்கிறார், மலம் அதில் ஒரு சிறு பங்குதான்.

மக்கியதைப் பூங்காச் செடிகளுக்குப் போடலாமா?

கறுப்பாக, மண்வாசனையோடு இருந்தாலே பாதுகாப்பானது என்று அர்த்தமில்லை. உருண்டைப் புழுவின் முட்டை மண்ணில் வருடக்கணக்கில் உயிரோடு இருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் 2006 வழிகாட்டுதலின்படி, வேறு சுத்திகரிப்பு இல்லாமல் சேமித்து மட்டுமே வைப்பதானால், 20 டிகிரிக்குக் கீழே உள்ள இடத்தில் ஒன்றரை முதல் இரண்டு வருடம், 20 முதல் 35 டிகிரி இடத்தில் ஒரு வருடத்துக்கு மேல் வைக்க வேண்டும். புதுக் கழிவு கலக்காமல் வைத்தால்தான் இந்தக் கணக்கு. மக்கள் நடமாடும் பூங்காவில், உங்கள் ஊர்ச் சட்டம் அனுமதித்தாலும், காய்கறிக்கும் விளையாடும் புல்வெளிக்கும் வேண்டாம். மரங்களுக்கு அடியில், மேலே மண் மூடிப் போடுங்கள்.

யார் எடுப்பது? எப்படி எடுப்பது?

கட்டுவதற்கு முன்பே இதற்கு எழுத்தில் பதில் இருக்க வேண்டும்: எந்த லாரி, எங்கிருந்து, எந்தச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு, யார் பணம் கொடுப்பது. லாரி தொட்டிக்கு அருகில் வந்து நிற்க வழி வேண்டும். உறிஞ்சும் குழாய் எவ்வளவு நீளமானாலும், எவ்வளவு ஆழத்திலிருந்து தூக்க முடியும் என்பதைக் காற்றழுத்தம் தீர்மானிக்கிறது. கடல் மட்டத்திலேயே கணக்குப்படி 10 மீட்டர்தான், நடைமுறையில் அதைவிடக் குறைவு, மலைமேல் போகப் போக இன்னும் குறையும். எனவே சரிவுக்குக் கீழே தொட்டியையும் மேலே சாலையையும் வைத்துவிட்டு முழிக்க வேண்டாம்.

ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். எக்காரணம் கொண்டும் ஒரு மனிதர் அந்தத் தொட்டிக்குள் இறங்கக் கூடாது. உள்ளே ஹைட்ரஜன் சல்பைடு இருக்கும். அது காற்றைவிடக் கனமானது, அடியில் தங்கும். கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை வாடை வரும். பத்து லட்சத்தில் 100 பங்கு அளவுக்குப் போனால் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது. வாடை போய்விட்டது, ஆபத்தில்லை என்று நினைத்து இறங்கியவர் மயங்கி விழுவார். காப்பாற்ற இறங்குபவரும் விழுவார். செல்போன் விழுந்துவிட்டது, சாவி விழுந்துவிட்டது என்றாலும் இதே பதில்தான். சுத்தம் செய்யும் வாய் கட்டடத்துக்கு வெளியே, குழாய் விடும் அளவுக்கு மட்டும் இருக்கட்டும், பூட்டோடு.

லாரி போகாத இடத்திலும் நல்ல வழி உண்டு. கொலராடோவின் ராக்கி மவுண்டன் தேசியப் பூங்காவில் லாங்ஸ் பீக் பாதையில் 1983-ல் வெயிலில் உலர்த்தும் கழிப்பறைகள் வைத்தார்கள். அவை சரியாக உலராமல், ஊழியர்கள் மண்வாரியால் அள்ளி வாளிகளில் நிரப்பி, லாமாக்களின் (ஒட்டகக் குடும்பத்தைச் சேர்ந்த சுமை விலங்குகள்) முதுகில் ஏற்றிக் கீழே இறக்க வேண்டியிருந்தது. 2018-ல் டென்வரிலுள்ள கொலராடோ பல்கலைக்கழகக் கட்டடக்கலை மாணவர்கள் அங்கே புதியவற்றைக் கட்டினார்கள். அவற்றில் சிறுநீர் தனியே பிரிந்துவிடுகிறது. லாமாக்கள் இப்போதும் சுமக்கின்றன, ஆனால் அந்த ஊழியர்கள் கையாள வேண்டிய அருவருப்பு குறைந்திருக்கிறது. வடிவமைப்பை மதிப்பிட நான் பார்ப்பது இதைத்தான்.

நிலத்தடி நீர் கெடாதா?

கசியாத தொட்டி என்றால் கெடாது. அதனால்தான் ஆறு, ஏரி ஓரப் பூங்காக்களுக்கு அது தேவை. குழி வகை என்றால் கிணறு, ஊற்று போன்றவற்றிலிருந்து குறைந்தது 30 மீட்டர் தள்ளி, குழியின் அடி நிலத்தடி நீர்மட்டத்துக்கு 1.5 மீட்டராவது மேலே இருக்க வேண்டும். பாறைப் பிளவுகள் உள்ள மண்ணில் இதுவும் போதாது.

தண்ணீர் ஊற்றாத சிறுநீர்க் கிண்ணங்கள் பயனுள்ளவையா?

ஆம், கூட்டம் அதிகமான இடத்தில் வரிசை குறையும். அடியில் சிறுநீரைவிட லேசான ஓர் எண்ணெய் மிதந்து வாடையை அடைக்கும், அல்லது சிலிக்கோன் சவ்வு அடைக்கும். யாராவது அதில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினால் எண்ணெய் போய்விடும். குழாயில் உப்பு படியும் என்பதால் அவ்வப்போது கழற்றிப் பார்க்க வேண்டும்.

கை கழுவ என்ன செய்வது?

கிருமிநாசினி ஜெல் வைப்பது வழக்கம், 60 சதவீத ஆல்கஹாலாவது இருக்க வேண்டும். ஆனால் வாந்திபேதி பரப்பும் நோரோவைரஸ் அதற்குச் சரியாக மசியாது, அழுக்குக் கையிலும் ஜெல் வேலை செய்யாது. காலால் மிதித்தால் சாயும் ஒரு ஐந்து லிட்டர் கேன், பக்கத்தில் கயிற்றில் கட்டிய சோப்பு. இது கிட்டத்தட்ட எங்கும் சாத்தியம். நிரப்ப ஆள் வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை.

எல்லோரும் குப்பையை உள்ளே போடுகிறார்களே?

குப்பைத்தொட்டி இல்லாவிட்டால் போடத்தான் செய்வார்கள். நாப்கினுக்கு அறைக்குள்ளேயே மூடியுள்ள தொட்டி, மற்றவைக்கு வெளியே விலங்குகள் திறக்க முடியாத தொட்டி. கழிவுத் தொட்டிக்குள் விழுந்த ஒவ்வொரு பாட்டிலையும் டயப்பரையும் லாரிக்காரர் நீளக் கொக்கியால் ஒவ்வொன்றாக மீன் பிடிப்பதுபோலத் தூக்க வேண்டும். அறிவிப்புப் பலகையில் ‘குப்பை போடாதீர்’ என்பதற்குப் பதிலாக, ‘இதைக் கையால் எடுப்பவர் ஒரு மனிதர்’ என்று எழுதச் சொல்வேன்.

சக்கர நாற்காலியில் வருபவர்கள்?

தனி அறையாகக் கட்டுவதால் இங்கே வசதி செய்வது சுலபம். உள்ளே நாற்காலி திரும்ப 1.5 மீட்டர் வட்டம், கதவின் திறப்பு குறைந்தது 82 செ.மீ., கைப்பிடிகள், படியில்லாத வாசல். எல்லா அறையையும் இப்படியே கட்டிவிடுங்கள், தனியாக ஒன்று ஒதுக்க வேண்டியதில்லை. குழந்தையோடு வருபவர்களுக்கும் வயதானவர்களுக்கும் அந்த இடம் உதவும்.

காற்றுக்குழாயில் பறவை விழும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. மரப்பொந்தில் வாழும் சிறு ஆந்தைகள் குழாயைப் பொந்து என்று நினைத்து நுழைகின்றன. உள்சுவர் வழுவழுப்பு, திரும்பி ஏற முடியாது. நேராகத் தொட்டிக்குள். அமெரிக்காவின் வயோமிங்கில் டீட்டன் ராப்டர் மையம் 2010 முதல் இதற்கென்றே குழாய் வாயில் பொருத்தும் கம்பி வலைகளை விநியோகித்துவருகிறது. வலையைக் குழாய் வாயோடு ஒட்டிப் பதிக்காமல், சற்று உயரத்தில் தொப்பிபோல நிறுத்தினால் காற்றோட்டமும் கெடாது, இலையும் அடைக்காது. ஆனால் அந்த வலைக்கண் ஈயை நிறுத்தாது. ஈயைத் தடுக்கும் நுண்வலை வைப்பதாக இருந்தால் அதைத் துடைக்கும் நாளையும் நாட்காட்டியில் குறித்துவையுங்கள்.

கழிப்பறையே கட்ட முடியாத உச்சிகளில் என்ன வழி?

எடுத்துக்கொண்டு இறங்குவதுதான். கலிபோர்னியாவின் விட்னி மலையில் இருந்த கழிப்பறைகளைப் பராமரிக்க முடியாமல் 2000-களின் நடுவில் எடுத்துவிட்டார்கள். இப்போது ஏறுபவர்களுக்கு, கழிவைக் கூழ்போல இறுகவைக்கும் பொடி போட்ட பை கொடுக்கப்படுகிறது. அலாஸ்காவின் டெனாலியில் மூடி இறுகும் சிறு டப்பாவைச் சுமக்கிறார்கள். பனிப்பிளவில் போட்டால் என்ன ஆகும் என்று ஆராய்ந்ததில், கழிவு பனியாற்றோடு நகர்ந்து, பல பத்தாண்டுகளுக்குப் பிறகு கீழே உருகும் இடத்தில் மீண்டும் வெளியே வரும் என்று தெரிந்தது. எவரெஸ்ட்டிலும் 2024 முதல் பை கட்டாயம்.

மண் உள்ள இடத்தில், ஆள் நடமாட்டம் குறைவாக இருந்தால் மட்டும், நீர்நிலையிலிருந்து 60 மீட்டர் தள்ளி 15 முதல் 20 செ.மீ. ஆழத்தில் குழி தோண்டி மூடலாம். அதற்குமேல் ஆழமாகத் தோண்டாதீர்கள், மக்கவைக்கும் உயிர்கள் மேல்மண்ணில்தான் அதிகம். டிஷ்யூவை மட்டும் புதைக்காமல் பையில் போட்டுக் கொண்டுவந்துவிடுங்கள். விலங்குகள் தோண்டி எடுத்துப் பாதை நெடுக இறைத்துவிடும்.